கூடச் சோறுண்ண ஆளில்லாத பிள்ளை

(திருப்பூரில் ஒரு ஞாயிறு மாலை, நூலக அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

தன்பாத்–ஆலப்புழா வண்டி நம் ஊர் ரயில் நிலையத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுப் பெட்டியிலிருந்து கூட்டம் இறங்கும். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏறி, ரெண்டு ராத்திரி உட்கார்ந்தபடியே வந்தவர்கள். கால் வீங்கியிருக்கும். வெளியே வந்ததும் முதலில் போனைக் காதில் வைத்து "வந்துட்டேன்" என்று அவரவர் மொழியில் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே சில தலைகள் மற்றவர்களின் தோளுக்குக் கீழே தெரியும். அந்தப் பிள்ளைகளை என்ன சொல்லி அழைக்கிறோம், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வங்கி வேலையில் ராஞ்சிப் பக்கம் ஒன்பது வருஷம் இருந்தவன். இந்தி நன்றாக வரும், அந்தப் பக்கத்துச் சாத்ரி பேச்சு ஓரளவு புரியும். ஓய்வுபெற்ற பிறகு, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்படும் வடமாநிலப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அவ்வப்போது கூப்பிடுவார்கள்.

முதல் தடவை போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அவன் பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். அழைத்து வந்த காவலர், "ஓடி வந்த பையனுங்க" என்றார். அவன் பத்து நாளாக வேலை பார்த்த இடத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர், "நம்ம ஹெல்பருங்க, ஹிந்திக்காரப் பையன்" என்றார். படிவத்தில் அச்சடித்திருந்தது, "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை." அவன் அம்மாவுக்குப் போன் போட்டோம். அந்தம்மா கொஞ்சமும் பதறாமல், "கமானே கயா ஹை" என்றார். சம்பாதிக்கப் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

ஒரே பையன். கால் மணி நேரத்தில் அவனுக்கு நாலு பெயர்கள். நாலும் வேறு வேறு வழி காட்டுகின்றன, கவனியுங்கள். ஓடி வந்தவன் என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். ஹெல்பர் என்றால் வேலைக்கு அனுப்ப வேண்டும். சம்பாதிக்கப் போனவன் என்றால் அவன் பணம் அனுப்ப வேண்டும். படிவத்தில் இருந்த பேரில் மட்டும்தான் அந்தப் பையனுக்கு நாம் எதையோ செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மற்ற மூன்றிலும் கடன் அவன் தலைமேல்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. "உடன் வந்தவர்." அந்தக் கட்டத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உலக அளவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் ஒரு பேர் புழங்குகிறது: அன்அக்கம்பனீட் மைனர். நம் பத்திரிகைகள் "துணையின்றி வந்த சிறார்" என்று எழுதுகின்றன. நல்ல தமிழ்தான். விமானக் கம்பெனிகளும் இதே பேரை வைத்திருக்கின்றன. பேரன் பேத்தியைத் தனியாக விமானத்தில் ஏற்றி அனுப்பினவர்களுக்குத் தெரியும். கழுத்தில் ஒரு பை மாட்டி, அதற்குள் காகிதங்களை வைத்து, ஒரு பணிப்பெண் கைப்பிடித்துக் கூட்டிப்போய் அந்தப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார். காசு கட்டினால் அந்தப் பேருக்கு இவ்வளவு மரியாதை. கடலில் ரப்பர் படகில் வந்து இறங்குகிற பிள்ளைக்கும் அதே பேர்தான்.

சரி, அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எனக்கு இதைக் கண்டுகொண்ட அன்று தூக்கம் வரவில்லை. அக்கம்பனி என்பதற்குள்ளே இருப்பது கம்பானியன், அதாவது கூட்டாளி. அது லத்தீனிலிருந்து வந்தது. 'கோம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டியைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறவன்தான் கூட்டாளி. அப்படியென்றால் அன்அக்கம்பனீட் என்றால் என்ன? கூடச் சோறுண்ண ஆளில்லாத பிள்ளை. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் பேர் கேட்கும் முன்னால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்க யாருமில்லாத பிள்ளை.

இதோடு முடியவில்லை. அதே ரொட்டியிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லைத் திருப்பூரில் நாம் தினம் நூறு தடவை சொல்கிறோம். கம்பெனி! பனியன் கம்பெனி, செக்கிங் கம்பெனி, "எந்தக் கம்பெனிக்குப் போறே?" என்று கேட்கிறோமே, அந்தக் கம்பெனி. ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்களின் கூட்டம் என்பதுதான் அதன் வேர். கூட ரொட்டி தின்ன ஆளில்லாத பிள்ளையைக் கூட்டிவந்து, ரொட்டி தின்கிறவர்களின் கூட்டம் என்று பேர் உள்ள இடத்தில் நூல் வெட்ட உட்கார வைக்கிறோம். ரெண்டு சொல்லும் ஒரே மாவில் பிசைந்தவை என்பது தெரிந்த பிறகு, காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது எனக்கு அந்த அர்த்தம்தான் கேட்கிறது.

இந்தப் பேர் புழக்கத்துக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்க எல்லைச் செய்திகளில்தான் நம்மில் பலர் இதை முதலில் கேட்டிருப்போம். 2014 நிதியாண்டில் மட்டும் மெக்சிகோ எல்லையில் 68,541 பிள்ளைகள் துணையில்லாமல் பிடிபட்டார்கள். பெரும்பாலும் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், மெக்சிகோப் பிள்ளைகள். ஆனால் சொல் அதைவிடப் பழையது.

ரெண்டாம் உலகப் போருக்கு முன்னால், 1938 டிசம்பரிலிருந்து போர் தொடங்கும் வரை, நாஜிகளின் பிடியிலிருந்த நாடுகளிலிருந்து ஏறக்குறைய 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், பிரிட்டனுக்கு ரயிலிலும் கப்பலிலும் அனுப்பப்பட்டார்கள். பெற்றவர்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளின் கழுத்தில் எண் எழுதிய அட்டை. ஒரு பிள்ளைக்கு 50 பவுன் என்று யாராவது பொறுப்புத்தொகை கட்ட வேண்டும். ஸ்டேஷனில் கையாட்டிய பெற்றோரில் மிகப் பலரை அந்தப் பிள்ளைகள் மறுபடி பார்க்கவே இல்லை.

போர் 1945இல் முடிந்தது. ஐரோப்பா முழுக்க முகாம்களிலிருந்தும் கட்டாய வேலை இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்ட ஐக்கிய நாடுகளின் நிவாரண மறுவாழ்வு அமைப்பு, 1943இல் தொடங்கியது அது, தன் ஏடுகளில் இவர்களைத் 'துணையில்லாத குழந்தைகள்' என்று எழுதியது. ஜெர்மனியில் டாக்காவ் வதைமுகாமுக்கு அருகில் இண்டர்ஸ்டார்ஃப் என்ற ஊரின் பழைய மடத்தில் அப்படி ஓர் இல்லம் இருந்தது. அங்கே எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் பேர் எழுதிய பலகையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கும். எதற்கு? எங்கேயாவது உயிரோடு இருக்கிற அக்காவோ சித்தப்பாவோ அந்தப் படத்தைப் பார்த்து, "இது நம்ம பையன்" என்று வரட்டும் என்பதற்கு.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த இல்லத்தில் துணையில்லாத குழந்தை என்று எழுதினால், துணையைத் தேடு என்று பொருள். அது ஒரு தேடல் சொல்.

அறுபது வருஷத்துக்குள் அதே சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 2002இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மூன்று அளவு வைத்தது. சட்டப்படியான குடியேற்ற அந்தஸ்து இருக்கக் கூடாது, பதினெட்டு நிரம்பியிருக்கக் கூடாது, பார்த்துக்கொள்ளப் பெற்றோரோ காப்பாளரோ அந்த நாட்டில் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த பிள்ளைக்கு வைத்த பேரில் 'ஏலியன்' என்றொரு சொல்லைச் சேர்த்தார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதே சட்டம்தான் இந்தப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பொறுப்பைக் குடியேற்ற அதிகாரிகளிடமிருந்து எடுத்து அகதிகள் மறுவாழ்வு அலுவலகத்திடம் கொடுத்தது. செய்தது நல்ல காரியம். வைத்த பேர்தான் தைக்கிறது. ஏலியன் என்பதும் லத்தீன்தான், பிறருக்கு உரியது என்று பொருள். நம்முடையது அல்ல என்று அந்தப் பேர் முதலிலேயே கைகழுவிவிடுகிறது.

ஸ்பெயினில் 'துணையில்லாத வெளிநாட்டுச் சிறார்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மெனா' என்றார்கள். அலுவலகச் சுருக்கமாகப் பிறந்த சொல், இன்று தெருவில் திட்டுச் சொல். அவர்கள் எழுத்தில் நாலெழுத்தாகச் சுருக்கிய பிறகு அதற்குள் ஒரு பிள்ளை இருப்பது கண்ணில் படுவதில்லை. பிரான்சில் 'தனித்துவிடப்பட்ட அயல்நாட்டுச் சிறார்' என்று இருந்ததை 2016இல் 'துணையில்லாத சிறார்' என்று மாற்றினார்கள். அயல்நாட்டு என்ற அடைமொழி போய்விட்டது. ஜெர்மன் மொழியில் வழிகூட்டிச் செல்ல ஆளில்லாதவர் என்ற பொருளில் சொல்கிறார்கள். அங்கே ரொட்டி இல்லை, வழி இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நம் தமிழில் இந்தக் குறை இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். அகதி என்கிறோம்: கதி இல்லாதவர். அனாதை என்கிறோம்: நாதன் இல்லாதவர். ரெண்டும் வடமொழி வழி வந்தவை, ரெண்டும் இல்லாததைச் சொல்லியே ஒரு ஆளை அடையாளம் காட்டுபவை. தனித்தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏதிலி என்கிறோம், ஈழத்து எழுத்தில் இது நிறையப் புழங்குகிறது. "ஏதிலார் குற்றம்போல்" என்று வள்ளுவர் சொல்கிற இடத்தில் ஏதிலார் என்றால் அயலார். ஏலியன் என்று அவர்கள் சொன்னதும் ஏதிலி என்று நாம் சொல்வதும் வேரில் அவ்வளவு தூரமில்லை.

நம் கொங்கு நாட்டிலேயே பவானிசாகரிலும் அரச்சலூரிலும் பூலுவபட்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பெற்றவர்கள் ஒரு கரையிலும் பிள்ளைகள் ஒரு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் அங்கே உண்டு. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பேர் மாறினால் கூரை மாறுமா என்று அப்போது சிலர் கேட்டார்கள். அது சரியான கேள்விதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் முகவரி எழுதும் பிள்ளைக்கு அந்தப் பேர் மாற்றம் என்ன என்பது, எழுதிய பிள்ளைக்குத்தான் தெரியும்.

நமக்கென்று ஒரு நல்ல சொல்லும் இருக்கிறது. புலம்பெயர்தல். இன்று 'புலம்பெயர் தொழிலாளர்' என்று அரசாணையில் படித்துச் சலித்துப்போயிருப்போம், ஆனால் அது ரெண்டாயிரம் வருஷத்துச் சொல். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, "மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்" ஊர் என்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து இடம் பெயர்ந்து வந்தவர்கள் கலந்து இனிதாக வாழும் ஊர். அந்த வரியில் வந்தவர்களுக்கு எதுவும் இல்லை என்ற பேச்சே இல்லை. அவர்களிடம் மொழி இருக்கிறது, நாடு இருக்கிறது. 'கலந்து' என்ற சொல் ஊர்க்காரர் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இனிக் கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். தனியாகப் பிள்ளையை வேலைக்கு விடுவது வடக்கிலிருந்து ரயிலேறி வந்த பழக்கம் இல்லை. ஆடு மேய்க்கவும் மாடு பிடிக்கவும் பண்ணையத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசிப் போன காலம் நம் தாத்தா காலம்தான். காட்டு வேலையில் 'அரை ஆள்' என்று ஒரு கணக்கு உண்டு. முழு ஆளுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு அரைக் கூலி. குழந்தை என்ற சொல் வராமலேயே வேலை வாங்க அந்தக் கணக்கு வசதியாக இருந்தது. அப்புறம் நூற்பாலைகள் வந்தன. தெற்கு மாவட்டங்களிலிருந்தும் டெல்டாப் பக்கத்திலிருந்தும் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் வைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அதற்கு வைத்த பேர் சுமங்கலித் திட்டம். பேரைக் கேட்டால் கல்யாண மேளம் கேட்கிறது. வெளியே போக அனுமதியில்லாத விடுதி அந்தப் பேரில் எங்கே தெரிகிறது? தொழிற்சங்கத்தாரும் பெண்கள் அமைப்பினரும் அதைக் 'கேம்ப் கூலி' என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பெண்பிள்ளைகளும் துணையின்றி வந்த சிறார்தான். தமிழ் பேசினார்கள் என்பதால் நாம் அப்படி எண்ணவில்லை.

சட்டத்தின் பேர்களும் நகர்ந்து வந்திருக்கின்றன. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 'புறக்கணிக்கப்பட்ட இளஞ்சிறார்' என்றது. 2000இல் அது 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று ஆனது, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. இந்தச் சட்டப்படி, அப்படி ஒரு குழந்தையைக் கண்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். நீளமான பேர்தான், சொல்லி முடிக்க மூச்சு வாங்கும். ஆனாலும் எனக்கு அந்தப் பேர் பிடிக்கும். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது பேரிலேயே இருக்கிறது.

ஒரு ஓட்டையையும் சொல்ல வேண்டும். ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2005இல் வெளியிட்ட ஆறாவது பொதுக் கருத்துரைதான் இன்று உலகம் எடுத்தாளும் வரையறை. அது சொந்த நாட்டுக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. ஜார்க்கண்டிலிருந்து ரெண்டு ராத்திரி பயணம் செய்து, ஒரு எழுத்தும் ஒரு சொல்லும் புரியாத ஊரில் இறங்குகிற பிள்ளை எந்த எல்லையையும் தாண்டவில்லை. அதனால் உலகக் கணக்கில் அவன் துணையின்றிப் புலம்பெயர்ந்த குழந்தையே இல்லை. அவன் ஊரில் அவன் காணாமல் போனவனாகக்கூட இல்லை, சம்பாதிக்கப் போனவன். ரெண்டு பட்டியலிலும் பேர் இல்லாத பிள்ளையை யார் தேடுவார்கள்?

ஆனால் அந்தக் கருத்துரையில் நமக்கு மிகவும் உதவுகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது பிள்ளைகளை ரெண்டாகப் பிரிக்கிறது. பெற்றவர்களையும் மற்ற உறவினர்களையும் பிரிந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பொறுப்பான பெரியவர் யாருமில்லாத பிள்ளை துணையற்ற பிள்ளை. பெற்றவர்களைப் பிரிந்து, ஆனால் வேறொரு உறவினரோடு வந்திருக்கக்கூடிய பிள்ளை பிரிந்த பிள்ளை. "வழக்கப்படி" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நம் சமூகத்தில் தாய்மாமனுக்கு எழுதாத பொறுப்பு உண்டு, ஜார்க்கண்ட் பக்கமும் உண்டு. அந்தப் பொறுப்பை அந்தச் சொல் மதிக்கிறது. அதே இடத்தில்தான் ஏமாற்றும் நுழைகிறது.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறேன். "உடன் வந்தவர் யார்?" என்று கேட்டேன். பையன் தயங்காமல், "மாமா" என்றான். எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எழுதப் பேனாவை எடுத்தாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அம்மாவோட அண்ணனா, தம்பியா?" என்று சாத்ரியில் கேட்டேன். விழித்தான். "மாமா பேர் என்ன?" தெரியவில்லை. "எங்கே பார்த்தாய்?" "ஊர்ச் சந்தையில்." அந்த ஆள் ஒரு டேக்கேதார், ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். அந்த ஒரே வண்டியில் பதினோரு பேருக்கு அவர் மாமாவாக இருந்திருக்கிறார். யாராவது கேட்டால் வயது பதினெட்டு, கூட வந்தவர் மாமா என்று ரெண்டு பதிலைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

தாய்மாமன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் என்ன எடை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காது குத்த மடியில் உட்கார வைத்துக்கொள்கிறவர் அவர். அந்தச் சொல்லை ஒரு ஆள் பிடிக்கிறவர் டிக்கெட் மாதிரி பதினோரு பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மொழிபெயர்க்கப் போகிற இளையவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாமா, சாச்சா (சித்தப்பா), பையா (அண்ணன்) என்ற சொற்களை அப்படியே தமிழாக்கிக் கொடுத்துவிடாதீர்கள். யாருடைய அண்ணன், யாருடைய தம்பி என்று இன்னொரு படி இறங்கிக் கேளுங்கள். ஐந்து நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும்.

அப்புறம் நான் வேறு மாதிரி கேட்டேன். "வண்டியில் என்ன சாப்பிட்டாய்?" முகம் கொஞ்சம் மலர்ந்தது. வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த சத்து மாவு, அதாவது அந்தப் பக்கத்தில் 'சத்து' என்கிற வறுத்த கடலை மாவு. வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுப் பிசைந்தது. "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டதும் வாசலைப் பார்த்தான். வெளியே பெஞ்சில் இன்னொரு பையன் உட்கார்ந்திருந்தான், இவனைவிட ஒரு வயது கூட இருக்கும். வேறு ஊர், வேறு மாவட்டம். வண்டியில்தான் பழக்கம். அவனிடம் தட்டு இல்லை, இவனிடம் தண்ணீர் பாட்டில் இல்லை. ஒரே டப்பாவில் ரெண்டு ராத்திரியும் ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். வேலை பார்த்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள்.

அந்த ரெண்டு பேருக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி எண். இல்லத்தில் இடம் பார்த்து ஆளுக்கொரு பக்கம் அனுப்புவதாக இருந்தது. நான் குழுவில் இருந்த அம்மாவிடம் இந்தச் சத்து மாவு விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ரெண்டு பையன்களையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரெண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படிவத்தில் "உடன் வந்தவர்" என்ற கட்டத்தில் இரண்டாவது பையனின் எண்ணை எழுதினார். இரண்டாவதில் முதல் பையனின் எண்ணை எழுதினார். ஓரத்தில், "ஒரே இல்லத்தில் வைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.